வாங்காத எண்ணெய்க்கு வந்த வரி: எரிசக்திப் பாதுகாப்பு, கொங்கு நாட்டிலிருந்து ஒரு பார்வை

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்காவுக்குப் போகும் இந்தியப் பொருள்கள் மீது மொத்தம் 50 சதவீதக் கூடுதல் வரி விழுந்தது. அதில் பாதி, அதாவது 25 சதவீதம், இந்தியா ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குகிறது என்பதற்காகவே போட்டது. திருப்பூரிலிருந்து வெளிநாடு போகும் பின்னலாடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போகிறது. ஆர்டர்கள் தள்ளிப்போயின. தைத்து முடித்த சரக்குக்கே பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள். இத்தனைக்கும் எந்தப் பனியன் கம்பெனிக்காரரும் ரஷ்யாவிடம் ஒரு பீப்பாய் எண்ணெய் வாங்கியவர் இல்லை. வாங்கியவை கடலோரத்தில் இருக்கும் சுத்திகரிப்பு ஆலைகள்.

அந்த வரி பிறகு எப்படி மாறினாலும் அது கிளப்பிய கேள்வி பெரியது. நாடு எண்ணெயை எங்கே வாங்குகிறது என்பது, அவிநாசி ரோட்டில் செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்ணின் வாரச் சம்பளத்தை எப்படித் தொடுகிறது? இதைப் புரிந்துகொள்ள எரிசக்திப் பாதுகாப்பு என்ற விஷயத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. கரண்ட் பில் கட்டுகிறவர், சிலிண்டர் புக் பண்ணுகிறவர் எல்லோருக்கும் புரியக்கூடியதுதான்.

கிடைக்க வேண்டும், கட்டுப்படியாகவும் வேண்டும்

பெட்ரோல், டீசல், சமையல் கேஸ், நிலக்கரி, மின்சாரம் ஆகியவை தேவைப்படும் நேரத்தில் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். கிடைக்கிற விலை நமக்குக் கட்டுப்படியாகவும் வேண்டும். எரிசக்திப் பாதுகாப்பு என்பது இவ்வளவுதான். 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனைக்குத் தடை போட்டு, பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியபோது பணக்கார நாடுகளே ஆடிப்போயின. அடுத்த ஆண்டு சர்வதேச எரிசக்தி முகமை என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். அதில் உறுப்பினரான நாடு தன் 90 நாள் இறக்குமதிக்கு ஈடான எண்ணெயைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

பெரும்பாலானவர்கள் முதல் பாதியை மட்டும்தான் கவனிக்கிறார்கள். கரண்ட் போனால் பாதுகாப்பு இல்லை, வந்தால் பாதுகாப்பு உண்டு என்று நினைக்கிறோம். ஆனால் கரண்ட் இருந்தும் யூனிட் விலையில் தறி ஓட்டினால் கூலி மிஞ்சாது என்று சோமனூர் தறிக்காரர் தறியை நிறுத்தினால் அதுவும் பாதுகாப்பு இல்லாத நிலைதான். கொங்கு விவசாயிகளுக்கு இது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். 1970இல் பம்புசெட் மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசா ஆனபோது நாராயணசாமி நாயுடு தலைமையில் எழுந்த போராட்டம் அந்த விலைக்காகத்தான். அந்த ஜூன் மாதம் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தார்கள். கட்டணத்தில் குறைந்தது ஒரு பைசா. எரிசக்தியின் விலைக்காக மனிதர்கள் உயிரைக் கொடுத்த மண் இது. இந்தப் பேச்சில் நமக்குச் சொல்ல நிறைய இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

எல்லாம் சொந்தமாக இருந்தால் போதுமா?

“எதையும் வெளியே வாங்காமல் நாமே உற்பத்தி செய்துகொண்டால் பிரச்சினை தீர்ந்தது” என்று பலரும் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல்லடம் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறவருக்குத் தெரியும்: பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்ட) வாய்க்காலை மட்டும் நம்பினால் தண்ணீர் விடாத மாதத்தில் தென்னை காயும். சொந்தக் கிணறுதானே என்று அதை மட்டும் நம்பினாலும் ஒரு வறட்சியில் அடிப்பாறை தெரியும். வாய்க்காலும் கிணறும் போரும் இருந்து, நிரப்பி வைக்க ஒரு தொட்டியும் இருப்பவர்தான் நாலு மாதம் தாக்குப்பிடிப்பார். ஒரு நாட்டுக்கும் அப்படித்தான். எத்தனை வழிகள் இருக்கின்றன, ஒன்று அடைபட்டால் மற்றவை எத்தனை நாள் தாங்கும் என்பதே கணக்கு.

இதற்கு நல்ல சாட்சி 2012ஆம் ஆண்டு. அந்த வருடக் கரண்ட் கட் கொங்கு நாட்டில் யாருக்கும் மறந்திருக்காது. பல ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. மில்களில் ஜெனரேட்டர் டீசல் செலவு லாபத்தைத் தின்றது. சின்ன லேத் பட்டறைகளுக்கு அந்த வழியும் இல்லை. அதே ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் மின்தொகுப்பு சரிந்து சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி இருண்டது. தெற்கே ஒன்றும் ஆகவில்லை. காரணம், அப்போது தென் மாநிலங்களின் மின்தொகுப்பு வடக்கோடு ஒரே வலையாக இணையாமல் தனித்து இருந்தது.

ஆக, தனித்திருந்தது அந்த இரண்டு நாள் நம்மைக் காப்பாற்றியது. ஆனால் அதே தனிமைதான் அந்த ஆண்டு முழுக்க நம்மை வாட்டியது. வேறு மாநிலத்தில் மின்சாரம் விற்கத் தயாராக இருந்தாலும் கொண்டுவரப் போதுமான கம்பி இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தெற்கு வடக்கோடு சேர்ந்தது. பின்னர் சத்தீஸ்கரின் ராய்கரில் தொடங்கிச் சுமார் 1,800 கிலோமீட்டர் கடந்து நம் புகளூர் நிலையத்துக்கு 6,000 மெகாவாட் திறனுள்ள நேர்மின்னோட்டப் பாதை வந்தது. அங்கிருந்து ஒரு கிளை திருச்சூருக்கும் போகிறது. புதிய அனல்மின் நிலையத்தைத் திறந்தால் விழா எடுக்கிறோம்; இந்தக் கம்பிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்று தமிழ்நாடு 20,000 மெகாவாட்டுக்கு மேல் உச்சத் தேவையைச் சமாளிப்பதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. 2024 மே 2 அன்று அந்தத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது.

நம் வீட்டுக்கு எங்கிருந்து வருகிறது

பெட்ரோலும் டீசலும்: கொச்சி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக இருகூருக்கும் கரூருக்கும் சுமார் 300 கிலோமீட்டர் குழாய் வருகிறது. அந்தக் கிடங்குகளில் லாரி நிரப்பிப் பங்க்குகளுக்குப் போகிறார்கள். கொச்சி ஆலைக்குக் கச்சா எண்ணெய் கப்பலில் வருகிறது. நாடு முழுக்கப் பார்த்தால் நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி.

சமையல் கேஸில் நிலைமை இன்னும் நுட்பமானது. நாட்டுக்குத் தேவையானதில் ஏறக்குறைய 60 சதவீதம் வெளியிலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து, ஹோர்முஸ் என்ற ஒரே நீரிணை வழியாக. அந்தக் கேஸைத் துறைமுகத்திலும் ஆலையிலும் ஏற்றிக்கொண்டு பாட்டிலிங் பிளான்ட்டுகளுக்குக் கொண்டுபோகும் டேங்கர் லாரிகளில் பெரும்பாலானவை நாமக்கல்காரர்களுடையவை. அவர்கள் சில நாள் லாரியை நிறுத்தினாலே தென் மாநிலங்களில் சிலிண்டர் பற்றிப் பேச்சு எழுந்துவிடும். நாமக்கல்லில் நின்றால் லாரி ஸ்ட்ரைக், ஹோர்முஸில் நின்றால் உலகச் செய்தி. அடுப்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

மின்சாரத்துக்கு வருவோம். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் திறன் 1,440 மெகாவாட். அதற்கான நிலக்கரி ஒடிசாவில் தோண்டப்பட்டு, பாரதீப்பில் கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, மறுபடி ரயிலேறி வருகிறது. இது நம் நாட்டுக் கரிதான். ஆனாலும் 2021 அக்டோபரில் நாட்டின் பல அனல்மின் நிலையங்களில் நாலைந்து நாள் இருப்புக்கு மேல் கரி இல்லாமல் போனது. வெளிநாட்டுக் கரியின் விலை ஏறியதால் அதை நம்பிய நிலையங்கள் உற்பத்தியைக் குறைத்தன. அந்தச் சுமை உள்நாட்டுக் கரி மேல் விழுந்தது. மழையில் சுரங்கங்களும் நனைந்திருந்தன. சொந்தப் பொருளாக இருந்தும் உலகச் சந்தை கதவைத் தட்டியது.

மலையில் விழும் தண்ணீர் நமக்குப் பழைய துணை. 1932இல் பைக்காராவில் எடுத்த மின்சாரம் கோவைக்கு வந்த பிறகுதான் இங்கே நூல் மில்கள் வரிசையாக எழுந்தன. அப்புறம் மேட்டூர், குந்தா. குந்தாவுக்குக் கனடா உதவியது. கொங்கு நாட்டுத் தொழிலின் முதுகெலும்பு என்று பஞ்சைச் சொல்வார்கள். நான் பைக்காராவையும் சேர்த்துச் சொல்வேன்.

உலகச் சந்தை துண்டாகும்போது

சுமார் முப்பது ஆண்டுகள் உலகம் ஒரு நம்பிக்கையில் ஓடியது: பணம் இருந்தால் எண்ணெய் கிடைக்கும். விலை ஏறலாம், இறங்கலாம். ஆனால் விற்கிறவர் யார், வாங்குகிறவர் யார் என்பது பெரிதில்லை. அந்தக் காலத்திலும் அடி விழுந்தது உண்டு. 1990இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்து எண்ணெய் விலை எகிறியபோது நம் அந்நியச் செலாவணி கரைந்தது. 1991இல் ரிசர்வ் வங்கியின் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைக்க வேண்டி வந்தது. ஆனால் அது பணப் பிரச்சினை.

இப்போது பணம் மட்டும் போதவில்லை, அனுமதியும் தேவைப்படுகிறது. 2019 மே மாதம் அமெரிக்கத் தடைக்கான விலக்கு முடிந்ததும் இந்தியா ஈரானிடம் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. பக்கத்து நாடு, பழைய வியாபாரி, சரக்கும் இருக்கிறது, ஆனாலும் முடியவில்லை.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த பிறகு இது பல மடங்கானது. அதற்கு முன்பு தன் இறக்குமதி எரிவாயுவில் 40 சதவீதத்துக்கு மேல் ரஷ்யாவிடம் வாங்கிக்கொண்டிருந்த ஐரோப்பா, குழாய் வறண்டதும் கப்பலில் வரும் திரவ எரிவாயுவை எந்த விலைக்கும் வாங்கத் தொடங்கியது. ஏலத்தில் பணக்காரர் நுழைந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. பாகிஸ்தான் டெண்டர் போட்டது, ஒருவரும் விற்க வரவில்லை. பங்களாதேஷ் வாங்க முடியாமல் மின்வெட்டை அறிவித்தது. இலங்கையில் அந்நியச் செலாவணி தீர்ந்துபோய் யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை மக்கள் பங்க் வாசலில் நாள் கணக்கில் நின்றார்கள், பள்ளிகளை மூடினார்கள்.

நமக்கும் ஒரு பாடம் கிடைத்தது. இந்தியாவின் கெயில் நிறுவனம் திரவ எரிவாயுவுக்கு ரஷ்ய நிறுவனமான காஸ்ப்ரோமின் சிங்கப்பூர் கிளையோடு 20 ஆண்டு ஒப்பந்தம் வைத்திருந்தது. அந்தக் கிளை ஜெர்மனியில் இருந்த ஒரு துணை நிறுவனத்தின் கீழ் இருந்தது. 2022இல் ஜெர்மனி அரசு அந்தத் துணை நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. விளைவு, நமக்கு வரவேண்டிய கப்பல்கள் நின்றன. ஒப்பந்தம் போட்டது ரஷ்ய நிறுவனத்தோடு, கைமாறியது ஜெர்மனியில், கேஸ் வராமல் போனது இந்திய ஆலைகளுக்கு. சந்தை துண்டாகிறது என்று பேப்பரில் படிக்கிறோமே, அதன் நடைமுறை இப்படித்தான் இருக்கும். கையெழுத்துப் போட்ட காகிதம் நம்மிடம் இருக்கும், சரக்கு இருக்காது.

இன்னொரு பக்கம் அதே துண்டாடல் நமக்குச் சலுகையாகவும் வந்தது. ஐரோப்பா ஒதுக்கிய ரஷ்ய எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. போருக்கு முன் நம் இறக்குமதியில் 2 சதவீதம் கூட இல்லாத ரஷ்ய எண்ணெய் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அந்த எண்ணெயைச் சுத்திகரித்து ஐரோப்பாவுக்கே டீசலாக விற்றோம். வாங்கியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஏழை நாடு மலிவாகக் கிடைப்பதை வாங்கத்தான் வேண்டும். ஆனால் மலிவான சரக்குக்குக் கணக்கில் எழுதாத ஒரு விலை இருந்தது. எங்கோ கடலோரத்தில் இருக்கும் ஆலைகளின் வரவுச் செலவில் சேர்ந்த லாபத்துக்கு, 2025இல் திருப்பூரின் ஏற்றுமதி ஆர்டர் பதில் சொல்ல நேர்ந்தது. எண்ணெய் வாங்கும் முடிவை எடுக்கும்போது அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படி விழும்போது அந்த ஊருக்கு உடனே கை கொடுக்க ஓர் ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும். இது என் உறுதியான கருத்து.

கப்பல் பாதையும் இதில் சேர்த்தி. 2023 நவம்பர் முதல் ஏமனின் ஹவுதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கியதால் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. எண்ணெய்க்கு மட்டும் இல்லை, திருப்பூர் சரக்குப் பெட்டி ஐரோப்பா போகவும் கூடுதல் நாள், கூடுதல் வாடகை ஆனது. உலகம் பயன்படுத்தும் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கடக்கும் ஹோர்முஸ் நீரிணைக்கோ சுற்றுப்பாதையே கிடையாது. அதைத் தவிர்க்கும் குழாய்கள் சவூதியிலும் அமீரகத்திலும் கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான்.

தொட்டியில் எவ்வளவு இருக்கிறது

இந்தியா விசாகப்பட்டினம், மங்களூரு, உடுப்பி அருகே பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து எண்ணெய்க் கிடங்கு வைத்திருக்கிறது. மொத்தக் கொள்ளளவு 53.3 லட்சம் டன். முழுக்க நிரம்பியிருந்தால் நாட்டுக்குச் சுமார் ஒன்பதரை நாள் தேவைக்கு வரும். எண்ணெய்க் கம்பெனிகளிடம் இருக்கும் இருப்பையும் சேர்த்தால் எழுபது நாளுக்கு மேல் என்று அரசு கணக்குச் சொல்கிறது. 2020இல் கொரோனாவால் விலை விழுந்தபோது அரசு இந்தக் கிடங்குகளை நிரப்பிக்கொண்டது, நல்ல வியாபாரம். ஒடிசாவின் சண்டிகோலிலும் பாதூரிலும் மேலும் கட்ட அனுமதி இருக்கிறது, வேகம்தான் போதவில்லை.

சமையல் கேஸுக்கு இப்படிப் பெரிய சேமிப்பு இல்லை. எனக்கு எண்ணெயை விட இதில்தான் கவலை அதிகம். லாரிக்கு டீசல் விலை ஏறினால் வாடகை ஏறும், மெதுவாகச் சமாளிப்போம். சிலிண்டர் வராவிட்டால் அன்று இரவே அடுப்பு எரியாது. 2025 நவம்பரில் இந்திய நிறுவனங்கள் அமெரிக்காவிடம் 2026ஆம் ஆண்டுக்காக 22 லட்சம் டன் சமையல் கேஸ் வாங்க ஒப்பந்தம் செய்தன. நம் கேஸ் இறக்குமதியில் அது பத்தில் ஒரு பங்கு அளவு. ஹோர்முஸைத் தொடாத பாதை என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. வீட்டளவில் சொன்னால், கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு இருப்பதும் இதே யோசனைதான்.

ஆடிக் காற்று

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக் காற்று நுழையும் உடுமலை, பூளவாடி, தாராபுரம், கேத்தனூர், பல்லடம் பகுதிக்கு அது பழமொழி இல்லை, வருமானம். 1990கள் முதல் நம் மில்காரர்கள் சொந்தமாகக் காற்றாலை வாங்கி நட்டார்கள். அங்கே எடுத்த மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியாகத் தங்கள் மில்லுக்குக் கொண்டுவந்தார்கள். அரசு பெரிதாகப் பேசத் தொடங்குவதற்கு முன்பே தனியார் பணத்தில் நடந்த எரிசக்திப் பாதுகாப்பு வேலை அது. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். அந்த மின்சாரத்துக்கு ஹோர்முஸ் கிடையாது, டாலர் கிடையாது.

ஆனால் காற்று மே கடைசியில் வந்து செப்டம்பரோடு போய்விடும். மில் தை மாசியிலும் ஓட வேண்டும். அதற்குத்தான் பேங்கிங் என்ற ஏற்பாடு: காற்றுக் காலத்தில் உபரியாக வந்த யூனிட்டை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டு, தேவைப்படும்போது எடுத்துக்கொள்வது. புதிதாகப் படிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே சேமிக்கப்படுவது கணக்கு மட்டும்தான். மின்சாரம் எங்கும் சேமிக்கப்படவில்லை. ஆடியில் வந்தது ஆடியிலேயே செலவாகிவிட்டது. மாசியில் மில்காரர் கேட்கும்போது வாரியம் கரியை எரித்தோ வெளியே வாங்கியோதான் கொடுக்கிறது. இதனால்தான் வாரியத்துக்கும் காற்றாலை உரிமையாளர்களுக்கும் ஓயாத இழுபறி. இரு பக்கமும் நியாயம் இருக்கிறது.

நிஜமாகவே மின்சாரத்தைச் சேமிக்கும் இடம் ஒன்று நம் கோவை மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆனைமலைக்குள், ஆழியாறுக்கு மேலே காடம்பாறை. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். தேவை உச்சத்துக்குப் போகும்போது அதே தண்ணீரை இறக்கி 400 மெகாவாட் வரை எடுப்பார்கள். நான்கு யூனிட் செலவழித்து ஏற்றினால் ஏறக்குறைய மூன்று யூனிட் திரும்பக் கிடைக்கும். ஒரு யூனிட் நஷ்டம்போலத் தெரியும். ஆனால் பகலில் வீணாகப்போகும் சோலார் மின்சாரத்தில் ஏற்றி, சாயங்காலம் ஏழு மணிக்கு ஊர் முழுக்க விளக்குப் போடும்போது இறக்கினால் அது லாபம். 1980களில் கட்டிய இந்த நிலையத்தின் அருமை, சோலார் பெருகிய இந்தக் காலத்தில்தான் முழுதாகத் தெரிகிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதேபோல் ஒன்று கட்டிவருகிறார்கள். இன்னும் வேண்டும், பேட்டரிகளும் வேண்டும். காற்றும் வெயிலும் நிறைய உள்ள ஊரில் இனிச் சேமிப்புக்குத்தான் பணம் போட வேண்டும் என்பது என் எண்ணம்.

பழைய காற்றாலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொண்ணூறுகளில் நட்ட 225, 250 கிலோவாட் காத்தாடிகள் மிக நல்ல காற்றுள்ள இடங்களில் நிற்கின்றன. இன்றைய ஒரு காற்றாலை அவற்றில் பத்துக்குச் சமம். மாற்றி நட 2024இல் தமிழக அரசு கொள்கையும் அறிவித்தது. பத்துச் சிறு உரிமையாளர்கள் சேர்ந்தால்தான் ஒரு பெரியது நட முடியும் என்பதே நடைமுறைச் சிக்கல்.

புதிய சார்பு

எண்ணெயிலிருந்து தப்பிக்கச் சூரிய ஒளிக்குப் போகிறோம். ஆனால் சோலார் பேனல் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் உலகத் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது. பேட்டரியிலும் அதன் கை ஓங்கியே இருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும், அவற்றில் செய்யும் காந்தத்துக்கு நம் நாட்டு வாகனக் கம்பெனிகள் அலைந்தன. மோட்டாரும் பம்பும் செய்யும் கோவைக்கு இந்தக் காந்தம் தூரத்துச் செய்தி இல்லை.

இருந்தாலும் இரண்டு சார்பும் ஒன்றில்லை. எண்ணெய் நின்றால் அடுத்த வாரம் வண்டி நிற்கும். பேனல் வருவது நின்றால் ஏற்கனவே கூரையில் இருப்பது இருபது வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாகப் போடுவதுதான் தள்ளிப்போகும். அந்த அவகாசத்தில் நாமே செய்யக் கற்றுக்கொள்ளலாம். திருநெல்வேலி கங்கைகொண்டானில் சோலார் செல் ஆலை வந்திருப்பது அந்த வகையில் நல்ல தொடக்கம்.

உள்நாட்டு மருந்திலும் பக்க விளைவு உண்டு. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை நாடு 2025இல் எட்டியது. கரும்போடு மக்காச்சோளமும் அதற்குப் போனது. மக்காச்சோளம்தான் நாமக்கல் முட்டைக்கோழிக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் தீனி. ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் மக்காச்சோளம் வாங்க வேண்டி வந்தது. கச்சா எண்ணெய்க்கு வெளிநாட்டை நம்புவதைக் குறைக்கப்போய்க் கோழித்தீனிக்கு வெளிநாட்டைத் தேடினோம். பயிரிட்ட விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

யார் நிலத்தின் வழியாக

குழாயும் கம்பியும் ஆகாயத்தில் போவதில்லை. கொச்சியிலிருந்து பெங்களூருவுக்கு எரிவாயுக் குழாய் போட, கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விவசாய நிலங்களைத் தோண்ட வந்தபோது 2013இல் பெரும் எதிர்ப்பு எழுந்தது. சாலையோரமாகக் கொண்டுபோகச் சொல்லித் தமிழக அரசும் நின்றது. 2016இல் உச்ச நீதிமன்றம் குழாய் போட வந்த கெயில் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்து உயர்மின் கோபுரங்கள். புகளூருக்கு வந்த பாதைகளும் அங்கிருந்து பிரிந்த பாதைகளும் தோட்டங்களுக்கு நடுவே போனபோது விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள், மறித்தார்கள், கைதானார்கள். நிலம் அவர் பெயரில்தான் இருக்கும். ஆனால் தென்னை வைக்க முடியாது, விற்றால் பாதி விலை போகும்.

கம்பியின் அருமையை மேலே சொன்ன நானே இதையும் சொல்ல வேண்டும்: நாட்டின் பாதுகாப்புக்கு ஒரு தோட்டக்காரர் தன் நிலத்தின் விலையை இழக்கிறார் என்றால் அந்த இழப்பை நாடுதான் ஏற்க வேண்டும். ஒருமுறை கொடுக்கும் நஷ்ட ஈட்டோடு நிறுத்தாமல், கோபுரம் நிற்கும்வரை ஆண்டுதோறும் வாடகை என்ற விவசாயிகளின் கோரிக்கை நியாயமானது. அதைக் கொடுத்தால் அடுத்த பாதை சண்டையில்லாமல், தாமதமில்லாமல் வரும்.

செலவழிக்காத யூனிட்

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது. வாங்க வேண்டியதில்லாத யூனிட்டை எந்த நாடும் நிறுத்த முடியாது. நூல் மில்லில் ஸ்பின்டிலை ஓட்டும் மோட்டார் பல முறை காயில் கட்டியதாக இருந்தால் ஒவ்வொரு முறைக்கும் அதன் திறன் கொஞ்சம் குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. உயர்திறன் மோட்டாருக்கு மாற்றும் செலவை, நாள் முழுக்க ஓடும் மில்லில் மின்கட்டண மிச்சம் சில ஆண்டுகளில் அடைத்துவிடும். உச்ச நேரக் கட்டணம் கட்டும் ஹெச்.டி. (உயர் அழுத்த மின்) இணைப்புக்காரர்கள், முடிந்த வேலையைப் பகல் வெயில் நேரத்துக்கு மாற்றுவதும் இதில் சேரும்.

தோட்டத்து மோட்டார் இன்னும் பெரிய விஷயம். 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அது இங்கே போராடிப் பெற்ற உரிமை, அதில் கை வைக்கச் சொல்லவில்லை. ஆனால் அவிநாசி, பல்லடம் பகுதிகளில் போர் ஆயிரம் அடி தாண்டிவிட்டது. 500 அடியிலிருந்து ஏற்றுவதைப் போல இரண்டு மடங்கு மின்சாரம் அதே தண்ணீருக்கு ஆகிறது. விவசாயி பில் கட்டாவிட்டாலும் எங்கோ கரி எரிகிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் பவானியின் உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறது. அதற்கும் நீரேற்று நிலையங்களில் மின்சாரம் செலவாகிறது, உண்மைதான். ஆனால் குளம் நிறைந்து சுற்றுவட்டாரக் கிணறுகளில் மட்டம் உயர்ந்தால் நூற்றுக்கணக்கான மோட்டார்கள் குறைந்த ஆழத்திலிருந்து எடுக்கும். குளங்களுக்கு அருகே கிணற்று மட்டத்தையும் அந்தப் பகுதி விவசாய மின்பாதைகளின் யூனிட் கணக்கையும் சேர்த்துப் பதிவு செய்து ஊராட்சிதோறும் வெளியிட்டால், எந்தக் குளத்துக்கு முதலில் தண்ணீர் விடுவது என்பதை மின்வாரியமும் நீர்வளத் துறையும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம்.